கட்டிலின் மறுபாதி

பங்குச்சாமியார் மாற்றலாகி வந்த சில வாரங்களில், அவருடைய கட்டிலின் மறுபாதியில் இன்னொரு ஆள் படுத்தெழுந்த பள்ளம் விழ ஆரம்பித்தது. அறைக்கு ஒரே கதவு, அதுவும் உள்தாழ்ப்பாள் போட்டது. வாசலில் கிடக்கும் நாய் காற்றடித்தால்கூடக் குரைக்கிற ரகம், அது வாயே திறக்கவில்லை. ஆனாலும் காலையில் படுக்கையைத் தட்டிப்போட வந்த சமையல்காரம்மா, சாமியார் படுத்த பக்கத்தில் ஒரு பள்ளத்தையும், படுக்காத பக்கத்தில் அதைவிட நீளமான ஒரு பள்ளத்தையும் பார்த்தார். தொட்டால் இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தன. கட்டில் அகலமானது என்பது உண்மைதான். முந்தைய சாமியார் ஆள் பருமன். ஒற்றைக் கட்டிலில் புரண்டால் தரையில்தான் இருப்பார் என்பதால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கிற அளவில் அறைக்குள்ளேயே தச்சரை உட்காரவைத்துச் செய்துகொண்ட கட்டில் அது. அவர் ஓய்வு பெற்றுப் போனபோது கதவு வழியாக அதை வெளியே எடுக்க முடியவில்லை. விட்டுவிட்டுப் போனார்.

"ராத்திரி இடம் மாத்தி மாத்திப் படுப்பீங்களா சாமி?" என்று சமையல்காரம்மா கேட்டார்.

"இல்லையேம்மா. படுத்தா படுத்த இடம்தான்."

"அப்ப இது யாரு?"

சாமியார் வந்து பார்த்தார். ஒருக்களித்த உடல். தலைக்கு அடியில் மடித்து வைத்த கை. ஒரு கால் நீட்டி, ஒரு கால் மடக்கி. அது யாரென்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. "மெத்தை பழசும்மா, அங்கங்க அமுங்குது" என்றார். அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் பொய் அது. சமையல்காரம்மா மெத்தையைத் திருப்பிப் போட்டு, நாலு தட்டுத் தட்டி, விரிப்பை இழுத்துக் கட்டினார். மறுநாள் காலையில் பள்ளம் அதே இடத்தில் இருந்தது.

இது ஊருக்குள் போக அதிக நாள் ஆகவில்லை. சாமியார் வீட்டுக்கு ஒரு பெண் வந்துபோகிறாள் என்றுதான் எல்லாரும் முதலில் நினைத்தார்கள். மாதர் சங்கத்தார் கோயிலைப் பெருக்குகிற சாக்கில் விடிவதற்குள் வந்து முன்வாசலுக்கு ஒருவர், பின்வாசலுக்கு ஒருவர் என்று நின்றார்கள். கோயில் அந்த வருடம் பளபளவென்று இருந்தது. பெண்தான் யாரும் வரவில்லை. கடைசியில் மெத்தைக்கு உறை தைக்க வந்த தையற்காரர் தொழில் பழக்கத்தில் பள்ளத்தின் மேல் டேப்பை ஓட்டிப் பார்த்து, தோள் அகலத்தையும் இடுப்பளவையும் சொல்லி, இது பொம்பளை இல்லை, நல்ல உயரமான ஆம்பளை என்று முடித்துவிட்டார். ஊர் பெருமூச்சு விட்டது. அப்பாடா, ஆம்பளைதானா என்றார்கள். அந்த நிம்மதி ஒரு வாரம் தாங்கியது. பிறகு யாரோ ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டார். அதன்பின் சிலர் பாவசங்கீர்த்தனம் செய்யப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினார்கள். இதுவரை எந்தச் சாமியாரிடமும் வாய் திறக்காத வேறு சிலர் முதன்முறையாக இவரிடம் வந்து முழங்காலிட்டு, நெடுநேரம் ஒன்றும் சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

சாமியார் குருப்பட்டத்துக்குப் படித்த குருமடத்தில் கட்டில்களைப் பெயரின் முதலெழுத்து வரிசையில் போடுவார்கள். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நெட்டையனின் கட்டில் வந்தது அப்படித்தான். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. நெட்டையன் என்பது பட்டப்பெயர். எந்தக் கதவு நிலையையும் இடிக்காமல் நுழையத் தெரியாதவன். இலத்தீன் அவனுக்கு ஏறவே இல்லை, ஆனால் ஓடாத பம்பு, சுற்றாத மின்விசிறி, மூடாத குழாய் என்று எதைக் கொடுத்தாலும் சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடுவான். இவர் அவனுக்கு இலத்தீன் சொல்லிக்கொடுத்தார், அவன் இவருக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். தனிநட்பு கூடாது என்பது குருமடத்து விதி. இரண்டு பேர் நடந்தால் மூன்றாவது ஆளையும் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு விடுமுறையில் மற்றவர்கள் ஊருக்குப் போயிருந்த மதியம், மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை அங்கிகளுக்கு நடுவே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, சுண்டுவிரலோடு சுண்டுவிரல் பட்டபடி, மணி அடிக்கிறவரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்தது அவ்வளவுதான். பின்னால் விழுந்த அத்தனை ஆழப் பள்ளத்துக்கும் அடியில் இருந்தது அந்த ஒரு மதியம்.

அந்த வாரம் அவர் குருமடத்து ஆன்மகுருவிடம் போய், தனக்குப் பெண்கள் மேல் சபலமே வந்ததில்லை என்று ஆரம்பித்தார். பெரியவர் மகிழ்ந்துபோய், "நல்லதாப் போச்சு, பாதிச் சண்டை முடிஞ்சுது" என்றார். மீதிப் பாதியைச் சொன்னபோது நீண்ட நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். "இத வேற யார்கிட்டயும் சொல்லாத. சொல்லலேன்னா இல்லேன்னு ஆயிடும்" என்றார். அவரும் சொல்லவில்லை. இல்லை என்றுதான் ஆகவில்லை.

குருப்பட்டத்துக்கு முந்தைய வருடம், துணி துவைக்கிற கல்லில் அங்கியை அலசிக்கொண்டிருந்தபோது நெட்டையன் தலை நிமிராமல் சொன்னான்.

"நான் போறேன். நீயும் வா."

"எங்க?"

"எங்கயாவது. ரெண்டு பேருக்கும் கை கால் நல்லாத்தானே இருக்கு."

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் முழுவதும் அவர் சிற்றாலயத்தை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது பக்கத்துக் கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அடுத்த வருடம் அவர் பீடத்துக்கு முன் குப்புற விழுந்து, எழுந்து, மணத்துறவு வாக்குக் கொடுத்தார். வந்திருந்தவர்கள் அவருடைய தியாகத்தைப் பாராட்டினார்கள். மற்றவர்கள் தங்களுக்கென்று இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். தனக்கு நுழையவே அனுமதியில்லாத வீட்டைத் தான் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்களே என்று அவருக்கு இருந்தது. ஆனால் பீடத்தின்மேல் அவருக்கு இருந்த ஆசை பொய்யில்லை. அப்பத்தைக் கையில் ஏந்தும்போது அவர் உள்ளங்கை நடுங்கும், ஒவ்வொரு நாளும், முதல் நாள் மாதிரியே. பயந்து ஒளிந்துகொண்டவரா, விரும்பி வந்தவரா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. இரண்டும்தான் என்பது அவருக்குப் பிடிக்காத பதில்.

இனிப் பள்ளத்துக்கு வருவோம். பள்ளம் என்றால் பக்கத்தில் இருப்பது அதை நோக்கிச் சரியத்தானே செய்யும். இரவு முழுவதும் மெத்தை அவரை மறுபக்கத்துக்கு இழுத்தது. உருண்டுவிடாமல் இருக்க அவர் கட்டிலின் ஓரச் சட்டத்தை இடதுகையால் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகினார். தூக்கம் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவனின் தூக்கம். முதுகுக்குப் பின்னால் ஒரு கதகதப்பு ஏறி இறங்கும். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் எழுந்தபின்னும் அந்தப் பக்கம் கை வைத்ததில்லை. வருடங்கள் போகப்போக இடது உள்ளங்கையில் காய் காய்த்து, மண்வெட்டி பிடிக்கிறவர் கை மாதிரி ஆகிவிட்டது. நற்கருணை வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்து, சாமியார் தோட்டவேலை செய்கிறார்போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

மெத்தையை மாற்றிப் பார்த்தார்கள். பஞ்சு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்த் தேங்காய்நார் வந்தது. பலகையில் படுத்தார், பலகை குழிந்தது. கட்டிலே வேண்டாமென்று சிமெண்டுத் தரையில் துணி விரித்துப் படுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் சிமெண்டிலும் ஓர் ஆள் படுத்த பள்ளம் விழுந்து, தரையைக் கழுவினால் அதில் தண்ணீர் தேங்கியது. சமையல்காரம்மா தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்கும்போது, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகத்தான் ஒற்றுவார். சாமியார் மறுபடியும் கட்டிலுக்கே போனார்.

புகார் ஆயருக்குப் போயிற்று. விசாரணைக் குழு வரும் என்று எதிர்பார்த்தார்கள். ஆயரே ஒரு மதியம், டிரைவரை மட்டும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். காபி வேண்டாம் என்றுவிட்டு நேரே படுக்கையறைக்குப் போய், கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாக்கு?" என்று கேட்டார்.

"அப்படியே இருக்கு ஆண்டவரே."

"ஆள் உயிரோட இருக்காரா?"

"தெரியல. கதகதப்பா இருக்கு. இருக்காருன்னுதான் நினைக்கிறேன்."

ஆயர் மோதிரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் அறைக்குப் பக்கத்து அறையில ஒரு பொம்பளை இருமுவா. பூட்டின அறைதான், உள்ள நாற்காலிகூடக் கிடையாது. பட்டம் வாங்கின வருஷத்துலேர்ந்து கேக்குது. எந்த ஊருக்கு மாறினாலும் பக்கத்து அறைக்கு அந்த இருமல் வந்துடும். எனக்குப் பொம்பளை, உங்களுக்கு ஆம்பளை. என்னுதைக் கேட்டா சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. உங்களுதை அப்படி விடமாட்டாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்னு நினைக்கிறேன்."

"இப்பவும் கேக்குதா ஆண்டவரே?"

"போன வருஷம் நின்னுபோச்சு."

ஆயர் எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்தார். "நின்னதுலேர்ந்துதான் எனக்குத் தூக்கமே இல்ல" என்றார். வெளியே வந்து, காத்திருந்த பங்குப்பேரவையினரிடம், மரம் சரியாக உலராமல் செய்த கட்டில், அப்படித்தான் இழுத்துக்கொள்ளும், இதற்கெல்லாம் ஆளை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஆயர் சொன்னால் சொன்னதுதான். அதன்பின் ஊரில் அதை மரத்தின் குற்றம் என்றே பேசினார்கள்.

வருடங்கள் ஓடின. சாமியாருக்கு முடி நரைத்தது, பள்ளத்துக்கும் இடுப்பு பெருத்தது. ஒரு வருடம் அதன் வலது முழங்காலிருந்த இடம் திடீரென்று ஆழமாகக் குழிந்து, பல வாரங்கள் சூடு தணியாமல் இருந்தது. காலையில் சமையல்காரம்மா விரிப்பை எடுக்கப் போனால் அந்த இடம் மட்டும் இலேசாக நடுங்கும். சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், ஒரு முழங்காலுக்காக வேண்டிக்கொள்வோம் என்று அறிவித்தார். சபை முழுவதும் எழுந்து நின்று முழங்காலுக்காக வேண்டிக்கொண்டது. யாருடைய முழங்கால் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம். அதற்குப் பிறகு அந்தக் காலுக்கடியில் எப்போதும் ஒரு தலையணை அளவுக்குச் சின்ன மேடு இருந்தது.

அந்த மேடு வந்து சில வருடங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, தோளில் கைப்பையும் கையில் குடையுமாக ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பூசைக்குப் பெயர் எழுதிக்கொடுக்க வந்தவர்போல நிதானமாகச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், சாமி. நல்ல உயரம். எடை மெஷின்ல ஏறினா எம்பத்திரெண்டு கிலோ காட்டும். ஆனா படுத்துத் தூங்கிட்டார்னா எங்க மெத்தை அமுங்காது. கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து இப்படித்தான். பொண்ணு பொறந்து, வளந்து, கல்யாணமாகிப் போயாச்சு. இன்னும் அமுங்கல. பக்கத்துல மூச்சு வருது, குறட்டை வருது, ஆள் பாரம் மட்டும் இல்ல. எங்க ஸ்கூல் டைப்பிஸ்ட்டுக்கு இந்த ஊர். உங்க கட்டிலைப் பத்தி அவங்க ஏதோ சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. நான் பாக்கலாமா?"

சாமியார் எழுந்து வழிகாட்டினார். சமையல்காரம்மா அன்று இன்னும் படுக்கையைத் தட்டியிருக்கவில்லை. டீச்சர் கட்டில் விளிம்பில் நின்று, தேர்வுத்தாளைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டே வந்தவர், முழங்கால் மேட்டில் நின்றுவிட்டார்.

"லிஃப்ட் குழியில விழுந்து மூட்டு உடைஞ்சுது. அதுலேர்ந்து தலையணை வெச்சுத்தான் படுப்பார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தலையணை எங்க வீட்ல இருக்கு. கால் இங்க இருக்கு" என்றார்.

"என்னை மன்னிச்சுடும்மா."

"எதுக்கு? தொட்டீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

சாமியார் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கட்டில் சட்டம் அந்தப் பக்கம் மட்டும் பிடித்துப் பிடித்து மெலிந்து வழவழப்பாகியிருந்ததையும் காட்டினார். டீச்சர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அதுவரை அமைதியாக இருந்த முகம் ஒரே நொடியில் சிவந்துவிட்டது.

"அப்ப யாருக்குத்தான் கெடச்சாரு அவரு?" என்று கத்தினார். "எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. நீங்க வாக்கைக் காப்பாத்தினீங்க. அவரு நல்ல புருஷன்னு பேரைக் காப்பாத்தினார். நான் குடும்பத்தைக் காப்பாத்தினேன். எல்லாம் காப்பாத்தி என்ன கண்டோம்? இந்தக் குழிதானே?"

டீச்சர் கைப்பையை நாற்காலியில் வைத்து, செருப்பைக் கழற்றி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பள்ளத்தில் படுத்தார். ஒருக்களித்து, கையை மடித்துத் தலைக்கடியில் வைத்து, காலை மேட்டின் மேல் போட்டு. சாமியார் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தார். உள்ளே கொஞ்ச நேரம் விசும்பல் கேட்டது, பிறகு குறட்டை கேட்டது. இத்தனை வருடத்தில் தான் நன்றாகத் தூங்கியது அந்த ஒரு காலைதான் என்று டீச்சர் பின்னால் சமையல்காரம்மாவிடம் சொன்னாராம். எழுந்து, முகம் கழுவி, விரிப்பைச் சரிசெய்து, பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர், "அவரை அனுப்பிவைங்க சாமி. எப்படின்னு எனக்குத் தெரியாது. நீங்க படிச்சவங்க" என்று சொல்லி, கணவர் வேலை செய்யும் கட்டடத்தின் விலாசத்தையும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

சாமியார் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். நகரத்தில் அந்தக் கட்டடம் பதினைந்து மாடிக்கு மேல். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் பழுதுபார்க்கப்படுகிறது என்று பலகை மாட்டியிருந்தது. உள்ளே ஒருவர் ஸ்குரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு பொத்தான்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். தலை வழுக்கை. நிமிர்ந்தபோது மேலே இருந்த விளக்கில் இடித்துக்கொண்டார். சாமியாருக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

லிஃப்ட்காரர் அவரைப் பார்த்தார். வாயிலிருந்ததை எடுத்துப் பையில் போட்டார். "உள்ள வா" என்றார். கதவை மூடி, பொத்தானை அழுத்தி, எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் பெட்டியை நிறுத்தினார். பேசுவதற்கு இந்தக் கட்டடத்தில் வேறு இடம் கிடையாது என்றார். இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி என்பதால் இன்னும் பல கிழவர்களும் கூடவே உட்கார்ந்தார்கள்.

"உன் வீட்டம்மா வந்திருந்தாங்க."

"தெரியும். வந்து சொன்னா."

"ராத்திரி எங்க போறன்னு உனக்குத் தெரியுமா?"

"மெழுகுவத்தி வாசனை வரும். தெரியாம என்ன? தெரியாத மாதிரி இருந்துட்டேன். நீயும் அப்படித்தானே இருந்த."

"வராம இருக்க முடியாதா?"

"கூப்பிடறது நீதானே?" என்றார் லிஃப்ட்காரர். "தினம் காலைல, நான் பல் தேய்ச்சுக்கிட்டு இருப்பேன், யாரோ என் பேரை மெதுவாச் சொல்லுவாங்க. அன்னைக்குப் பூரா ஒரு எடத்துக்குப் போகணும்போலயே இருக்கும். கண்ணை மூடினா போயிடுவேன்."

பூசையில் உயிரோடிருப்பவர்களை நினைத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. குரு கொஞ்சம் நிறுத்தி, மனதுக்குள் பெயர்களைச் சொல்லிவிட்டு மேலே போவார். இந்த ஊருக்கு வந்து, தனக்கென்று ஒரு பங்கும் பீடமும் கிடைத்த முதல் நாளிலிருந்து அந்த இடத்தில் சாமியார் முதலில் சொல்லிவந்த பெயர் ஒன்றுதான். செபம்தானே, அதில் என்ன குற்றம் என்று சொல்லிவந்தார். அது ஒன்றையாவது தன்னிடம் விட்டுவைத்தார்களே என்றும் நினைத்திருந்தார்.

"அன்னைக்கு நான் சிற்றாலயத்துலதான் இருந்தேன்" என்றார், சம்பந்தமில்லாமல்.

"பாத்தேன். ஜன்னல் வழியா."

"ஏன் கூப்பிடல?"

"நீ அழுதுக்கிட்டு இருந்திருந்தா கூப்பிட்டிருப்பேன். நீ பாடிக்கிட்டு இருந்த. யாருமே இல்லாத கோயில்ல கண்ணை மூடிக்கிட்டுப் பாடிக்கிட்டு இருந்த. அப்படி ஒரு முகத்தை நான் பாத்ததே இல்ல. சரி, இது என்னால ஆகற காரியம் இல்லன்னு பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டேன்."

சாமியாருக்குப் பாடியது நினைவில்லை. ஒளிந்திருந்தது மட்டும்தான் நினைவிருந்தது. முகத்தை மூடிக்கொள்ளக் கையை உயர்த்தியபோது லிஃப்ட்காரர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையிலிருந்த காயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "என்னடா இது?" என்றார். "கட்டில்" என்றார் சாமியார். மேலேயும் கீழேயும் மாடிகளில் ஆட்கள் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே படியேறினார்கள். நெடுநேரம் கழித்து லிஃப்ட்காரர் ஒரு கையை விடாமல் இன்னொரு கையால் பொத்தானை அழுத்தினார். கீழ்த்தளத்தில் கதவு திறக்கும்போதுதான் விட்டார்.

மறுநாள் பூசையில் அந்த இடம் வந்தபோது சாமியார் அந்தப் பெயரைச் சொல்லாமல் கடந்து போனார். மணத்துறவு என்றால் என்னவென்று தனக்கு அந்தக் காலையில்தான் புரிந்தது என்று நினைத்தார். பட்டத்தன்று கொடுத்ததெல்லாம் மற்றவர்கள் கேட்டது, இந்தப் பெயர்தான் அவரிடம் உண்மையிலேயே இருந்தது. பள்ளம் ஒரே நாளில் போகவில்லை. முதலில் தோள் மேலெழும்பியது, பிறகு இடுப்பு, கடைசியாக அந்தக் கால். ஒரு காலையில் மறுபாதி பலகைபோல் சமமாக, சில்லென்று இருந்தது. சமையல்காரம்மா அதன் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். அன்று குழம்பில் உப்பு இல்லை. இனிப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்று தெரிந்தும் சாமியாரின் கை தானாகச் சட்டத்தைத் தேடியது. இழுக்க ஒன்றும் இல்லாத கட்டிலில் விழித்தபடியே படுத்திருந்தார். ஆயர் சொன்னது இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் அவருடைய பிரசங்கம் குட்டையாகிவிட்டது என்று ஊரில் நல்லவிதமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் அவருக்குத் தூக்கம் வந்தது. நல்ல தூக்கம், கனவில்லாத தூக்கம், காலை மணி அடித்தும் எழுந்திருக்க முடியாத தூக்கம். அடுத்த நாளும் அப்படியே. மூன்று நான்கு நாட்கள் பார்த்துவிட்டு சமையல்காரம்மா வாசலில் வந்து நின்றார்.

"சாமி, ராத்திரி எங்க படுக்கிறீங்க?"

"கட்டில்லதாம்மா."

"கட்டில்ல ஒரு சுருக்கம்கூட இல்லையே. உங்க பக்கமும் அமுங்கல."

சாமியார் போய்ப் பார்த்தார். இரண்டு பக்கமும் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. அவர் விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தபோதே கூடத்தில் டெலிபோன் அடித்தது. கணக்கு டீச்சர்தான்.

"எங்க வீட்டு மெத்தை இப்ப நல்லாவே அமுங்குது சாமி" என்றார் அவர், வணக்கம்கூடச் சொல்லாமல். "அவரு பக்கம் அமுங்கிச்சு, சரி. போன வாரத்துலேர்ந்து அவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு எடமும் அமுங்குது. கொஞ்சம் குட்டையா, குறுக்கிக்கிட்டு, விளிம்பைப் புடிச்சுக்கிட்டுப் படுக்கிற ஆளு. நீங்கதானே?"

சாமியார் ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினார். "அவன் என் பேரைச் சொல்றானா?"

"அவரா? அவருக்குச் சொல்லவும் தெரியல, சொல்லாம இருக்கவும் முடியல. ரெண்டு வாரமா சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான்தான் சொல்றேன். காலைல பால் காய்ச்சும்போது உங்க பேரைச் சொல்லிடறேன்."

"ஏம்மா?"

"எனக்குப் பெரிய மனசெல்லாம் ஒண்ணும் இல்ல சாமி, அப்படி நினைச்சுக்காதீங்க. ஒருத்தர் எங்கயோ முழிச்சுக்கிட்டே படுத்திருந்தா இங்க ரெண்டு பேருக்கும் தூக்கம் வரமாட்டேங்குது. எனக்குக் காலைல முதல் பீரியட் இருக்கு. நான் தூங்கணும்." மறுமுனையில் பேனா மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. "தச்சர்கிட்ட அகலமான கட்டிலாச் சொல்லியிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை கொண்டுவந்து போடறாரு. அதனால இனிமே விளிம்பைப் புடிச்சுக்கிட்டுப் படுக்க வேணாம். கை வலிக்கும்."

"சரிம்மா" என்றார் சாமியார்.

ரிசீவரை வைத்துவிட்டு அவர் கோயிலுக்குப் போனார். அன்று ஒரு ஞானஸ்நானம் இருந்தது, குழந்தை தண்ணீர் பட்டதும் ஊரைக் கூட்டி அழுதது. அதன்பின் அவர் அந்தப் பங்கில் பல வருடங்கள் இருந்தார், வாக்கில் ஒரு குறையும் வைக்காமல். அவருடைய படுக்கை விரிப்பு மட்டும் துவைக்கத் தேவைப்படவே இல்லை. அதைப் பற்றி ஊரில் யாராவது கேட்டால் சமையல்காரம்மா, சாமி இப்போது வெளியே படுக்கிறார், நன்றாகத் தூங்குகிறார் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.